ஆடவர் மணிக்கட்டும் கடிகார விட்டமும்: தஞ்சோங் பகாரை முன்வைத்து ஒரு நுண்ணாய்வு

முன்னுரை

உலகில் கடிகாரங்கள் உள்ளன. மணிக்கட்டுகளும் உள்ளன. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது இவ்வாய்வின் கருதுகோள். (ஆய்வுக் கட்டுரையை உலகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது நம் பல்கலைக்கழக மரபு. முதல் வரியிலேயே தலைப்புக்கு வந்துவிடும் கட்டுரையை மதிப்பீட்டாளர் நம்பமாட்டார்.) ஆய்வு எல்லை சிங்கப்பூரின் தஞ்சோங் பகார். தேவைப்படும் இடங்களில் லிட்டில் இந்தியா, கடையநல்லூர், சுவிட்சர்லாந்து ஆகியவையும் தஞ்சோங் பகாருக்கு உட்பட்டவையாகக் கொள்ளப்படும்.

'மணிக்கட்டு' என்ற சொல்லின் வேரைத் தோண்டி நாற்பது பக்கம் நிரப்புவது வழக்கம். தோண்டவில்லை.

இலக்கணம் என்றால் நூற்பா வேண்டும். ஆடவர் கைக்கடிகார அளவுக்கு முன்னோர் நூற்பா எதையும் விட்டுச் செல்லாததால், நானே இன்று காலை ஒன்று செய்துகொண்டேன்.

கைக்கோள் கடிகை அளவெனப் படுவது
மணிக்கட்டு அளந்து கொள்வதும் அன்றே
காண்போர் தொலைவின் அளவிற் றாகும்.

இதற்கு இரண்டு பழைய உரைகள் உள்ளன. முதலாவது காலைப் பசியாறலுக்கு முன் நான் எழுதியது. இரண்டாவது, பசியாறிய பின் முதல் உரையை மறுத்து நான் எழுதியது. உரைகாரர் இருவருக்கும் தீராப் பகை. கடிகாரம் அணிந்தவன் தன் கடிகாரத்தைத் தானே பார்ப்பதில்லை என்ற ஒரே கருத்தில்தான் உடன்படுகிறார்கள்.

இயல் 1: அளவைகள்

கடிகாரத்தின் விட்டத்தைச் சாவி கொடுக்கும் திருகு நீங்கலாக அளப்பது எங்கும் உள்ள வழக்கு. கடைக்காரர் 'நாற்பது' என்றால் 40 மில்லிமீட்டர். ஆனால் மணிக்கட்டை மட்டும் சுற்றளவாக எடுப்பார்கள், அதுவும் அங்குலத்தில். ஆறு, ஆறரை அங்குலக் கைக்கு 34 முதல் 38; ஏழு அங்குலத்துக்கு 38 முதல் 42; அதற்கு மேல் அவரவர் இஷ்டம். ஆர்வலர்கள் கையில் உள்ள வாய்பாடு இவ்வளவுதான். ஒன்றன் விட்டத்தை ஓர் அளவையிலும் இன்னொன்றன் சுற்றளவை வேறோர் அளவையிலும் எடுத்துப் பொருத்தம் பார்ப்பதற்கு நம் ஊர் ஜாதகப் பொருத்தம் ஒன்றே முன்மாதிரி.

விவரம் தெரிந்தவர்கள் விட்டத்தையே பார்ப்பதில்லை. வாரை மாட்டுவதற்கென்று மேலும் கீழும் காதுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, கடைமொழியில் லக். அந்தக் காது நுனியிலிருந்து இந்தக் காது நுனிவரை உள்ள நீளம் மணிக்கட்டின் மேற்பரப்பு அகலத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கடிகாரம் கைமேல் உட்காராது, பாலம் போட்டு நிற்கும். சீக்கோவின் எஸ்கேஎக்ஸ்007 விட்டத்தில் 42-ஐத் தாண்டியும் காதுக்குக் காது 46-தான். ஒல்லிக் கைக்காரரும் அதைக் கட்டிக்கொண்டு கூச்சமில்லாமல் நடமாடுவது அதனால்தான். இந்தக் கட்டுரையில் பயன்படக்கூடிய தகவல் இது ஒன்றே. தவறி நுழைந்துவிட்டது.

வரலாற்று நோக்கில், படேக் பிலிப் 1932-ல் கொண்டுவந்த கலத்ராவா 31 மில்லிமீட்டர். அன்றைக்கு அது கனவான்களின் அளவு. இன்று அதே அளவைக் கட்டிக்கொண்டு போனால் 'வீட்டுக்காரம்மா கடிகாரமா?' என்பார்கள். 1989-ல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ 35 மில்லிமீட்டர் அகலம், 21 கிராம் எடை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய விமானப்படையின் வழிகாட்டி அதிகாரிகளுக்குச் செய்தது 55. ஆனால் அதைத் தடித்த மேலங்கியின் கைக்கு மேல் கட்டினார்கள், ஆகவே அது மணிக்கட்டில் சேராது. ரோலெக்ஸ் சப்மரீனர் 40-ல் இருந்து 2020-ல் 41 ஆனது. அந்த ஒரு மில்லிமீட்டருக்காக உலகெங்கும் சிந்திய மையை நினைத்தால் நச்சினார்க்கினியர் சொல்சிக்கனம் உடையவராகத் தெரிகிறார்.

அந்த ஒரு மில்லிமீட்டரைத் தமிழ் அளவையில் வைத்துப் பார்க்கலாம். எட்டு எள் ஒரு நெல். எட்டு நெல் ஒரு விரல். பன்னிரண்டு விரல் ஒரு சாண். சாணுக்கு ஒன்பது அங்குலம் என்று கொண்டால் விரலுக்கு 19 மில்லிமீட்டர், நெல்லுக்கு 2.38. அதாவது 38 மில்லிமீட்டர்க் கடிகாரம் சரியாக இரண்டு விரல். ரோலெக்ஸ் ஏற்றியது மூன்று எள்ளும் கொசுறும்.

இனி வருவது கவனிக்கத்தக்கது. சுவிட்சர்லாந்துக்காரர்கள் கடிகாரத்தின் உள்ளிருக்கும் இயந்திரத்தை இன்றும் 'லீன்' என்ற பழைய பிரெஞ்சு அளவையில் சொல்கிறார்கள். ஊர்பட்ட கடிகாரங்களுக்குள் ஓடும் ஈட்டா 2824 இயந்திரம் பதினொன்றரை லீன். ஒரு லீன் 2.256 மில்லிமீட்டர். நம் நெல் 2.38. இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு! முதிர்ந்த அறிஞர் ஒருவர் கையில் இது சிக்கியிருந்தால், தாமிரபரணிக் கரையிலிருந்து ஜெனிவாவுக்கு நெல் போன வரலாறு இந்நேரம் ஏதாவது ஒரு மாநாட்டில் பொன்னாடை வாங்கியிருக்கும். மறுத்தவர் தமிழ்ப் பகைவர் ஆகியிருப்பார். நான் அத்தனை தூரம் போகவில்லை. அந்த எட்டில் ஒரு பங்கு, ஆல்ப்ஸ் குளிரில் நெல் சுருங்கியதால் ஏற்பட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன் (அடியேன், 'நெல்லும் லீனும்', வெளிவராத தொகுதி).

இயல் 2: அளவும் நேரமும்

கடிகாரத்தின் அளவுக்கும் நேரத்துக்கும் தொடர்பு உண்டா? தஞ்சோங் பகாரில் நேரமே ஓரிடத்தில் நின்றதில்லை. 1905-ல் கிரீனிச்சுக்கு ஏழு மணி நேரம் முந்தியிருந்தது. 1933-ல் இருபது நிமிடம், 1941-ல் மேலும் பத்து நிமிடம் கூட்டினார்கள். 1942-ல் ஜப்பானியர் வந்து தோக்கியோ நேரத்தைக் கட்டிவிட்டார்கள். போர் முடிந்ததும் பழைய ஏழரை. 1982 ஜனவரி 1 முதல் எட்டு. இத்தனை இழுபறியிலும் எந்தக் கடிகாரமும் எள்ளளவு பெருக்கவில்லை, இளைக்கவில்லை. ஆகவே தொடர்பு இல்லை. துணைச் சான்று: 1932-ல் திறந்து 2011-ல் ஓய்ந்த தஞ்சோங் பகார் ரயில் நிலைய முகப்பில் நான்கு பளிங்குச் சிலைகள். போக்குவரத்தைக் குறிக்கும் சிலையின் கையில்கூடக் கடிகாரம் இல்லை.

இயல் 3: ஸ்மார்ட் வாட்ச்

அது கைப்பேசி.

இயல் 4: குலுக்கல்

தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் 1864-ல் தொடங்கியது. துறைமுகத்தையும் சுற்றுவட்டாரத் தெருக்களையும் நம்பிக் கப்பலேறி வந்தவர்களில் கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் இங்கே திரளாகக் குடியேறினார்கள். 1946-ல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியையே நிறுவும் அளவுக்கு. 1972 ஜூன் 23-ல் முதல் கொள்கலன் கப்பல் இந்தத் துறையில் வந்து நின்றது. உலகத்துப் பெட்டிகளுக்கெல்லாம் இருபதடி, நாற்பதடி என்று அதற்கு முன்பே அளவு நின்றுவிட்டிருந்தது. அதே தஞ்சோங் பகாரிலிருந்து ஊர் திரும்பும் சபராளியின் (கடல் கடந்து பிழைக்கப் போனவரின்) கையில் ஆடும் கடிகாரத்துக்கு மட்டும் அளவு நிற்கவில்லை.

ஏன் ஆடியது? முன்கை ஒரு கூம்பு. மணிக்கட்டருகே குறுகலும் முழங்கையருகே பருமனும் உடையது. தொளதொளத்த உலோகச் செயின், தன் சுற்றளவுக்குச் சமமான பருமனை அந்தக் கூம்பில் தேடிக்கொண்டு மேலும் கீழும் ஓடும். இரண்டு கண்ணியைக் கழற்றினால் ஓட்டம் நின்றுவிடும். லிட்டில் இந்தியாவில் ஒரு ஊசியும் சிறு சுத்தியும் வைத்திருக்கும் எந்தக் கடைக்காரரும் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவார். ஆனால் கழற்றமாட்டார்கள். காரணம் நியாயமானது. அந்தக் கடிகாரம் கடைசியில் யார் கையில் போய் நிற்கும் என்று வாங்குகிறவருக்கே தெரியாது. வாப்பாவுக்கா, மாமனாருக்கா, கேட்டுக் கேட்டுக் கடிதம் எழுதிய மச்சானுக்கா? வளையலுக்கு நூலில் அளவெடுத்து அனுப்பும் ஊர், கடிகாரத்துக்கு அனுப்பியதில்லை. ஆகவே எல்லாக் கைக்கும் பெரிதாக இருப்பதே எல்லாக் கைக்கும் சரியான அளவு.

இவ்வாறு பிறந்தது குலுக்கல். முந்தைய ஆய்வாளர் ஒருவரும் தொடாத களம் என்று எழுத எனக்கு ஆசை. தொட்டாரா என்று தேடிப் பார்க்காததால் எழுதுகிறேன்.

குலுக்கல் பல வகைப்படும். முழங்கையை மடக்கிக் கையை மேலே தூக்கிச் செயினை முழங்கைப் பக்கம் சரியவிடுவது மேற்குலுக்கு. வந்து இறங்கியதை அறிவிக்க இது உதவும். கையை நேராகத் தொங்கவிட்டு ஒரு வெட்டு வெட்டினால் கடிகாரம் சறுக்கி வந்து மணிக்கட்டின் புற எலும்பில் முட்டி நிற்பது கீழ்க்குலுக்கு. இதில் ஒலி முக்கியம். ஒலிக்காத கீழ்க்குலுக்கு கணக்கில் சேராது (அடியேன், 'குலுக்கற் பாயிரம்', கரையான் தின்ற ஏடு, தின்னாத பக்கம்). டயல் உள்ளங்கைப் பக்கம் புரண்டுவிட்டால் பூட்டைத் திறப்பதுபோல் கையைத் திருகி மேலே கொண்டுவருவது பக்கக்குலுக்கு. உண்மையில் பயனுள்ளது இது ஒன்றுதான் என்பதால் நடுத்தரமாகக் கருதப்படுகிறது. வாக்கியத்தைத் தொடங்குமுன் செய்வது பேச்சுக்குலுக்கு. சிலர் வாக்கியமே தொடங்கமாட்டார்கள்.

பந்திக்குலுக்குப் பற்றிச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். கந்தூரியிலோ கல்யாணத்திலோ சோற்றில் கை வைக்குமுன் சபராளி தன் கடிகாரத்தை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொள்வார். குழம்பு படக்கூடாது என்பதற்காக என்று முதல் உரைகாரர் பொருள் சொல்கிறார். 'அறியாது உரைத்தார், கடிகாரம் இடக்கையில், சோறு வலக்கையில், குழம்பு இடக்கைக்கு எப்படி வரும்?' என்று இரண்டாம் உரைகாரர் பாய்கிறார். பக்கத்து இலைக்காரரின் வலக்கை சபராளியின் இடக்கைக்கு அருகில்தானே இருக்கிறது, அவர் குழம்பு தெறிக்காதா என்பது முதல்வரின் விடை. அப்படியானால் பந்தியின் இடக்கோடியில், பக்கத்தில் யாருமே இல்லாமல் உட்கார்ந்தவரும் ஏன் ஏற்றிவிட்டுக்கொண்டார் என்பது மற்றவரின் தடை. இந்த இடத்தில் முதல் உரை சிதைந்துள்ளது (அதன்மேல் தேநீர் கொட்டிவிட்டது). ஆகவே பந்திக்குலுக்குக்குப் பயன் ஏதும் இல்லை, அது தூய கலை என்பதே துணிபு. விரிவுக்குக் காண்க: அடியேனிடம் இனிமேல் சேரப்போகும் மாணவர் எழுதப்போகும் முனைவர் பட்ட ஆய்வேடு, திருத்திய இரண்டாம் பதிப்பு, அணிந்துரைக்கு நான் எழுதிய நன்றியுரையின் அடிக்குறிப்பு 212, அதன் பிழைதிருத்தம், மேற்படி, மேற்படி.

நூற்பாவில் 'காண்போர் தொலைவு' என்றது தெருவின் அகலத்தை. தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையைத் தூக்கினால் எதிர்வீட்டுத் திண்ணைக்குத் தெரிய வேண்டும். கிழக்கு மேற்கான தெருவானால் தங்க முலாம் வெயிலில் மின்னுவதால் இரண்டு எள் குறைத்துக்கொள்ளலாம். நேரம் பார்ப்பதற்குத்தான் கடிகாரம் என்று இன்னமும் வாதிடுவோர் கவனிக்க: சபராளியின் கடிகாரம் விடுப்பு முடியும்வரை சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும். 'இப்ப அங்க மணி என்ன மச்சான்?' என்று கேட்டால் உடனே மேற்குலுக்கு, விடை. இங்கே மணி என்ன என்று அவருக்குத் தெரிய வேண்டுமானால் அவர்தான் அடுத்தவரிடம் கேட்பார். 1982-க்கு முன் இரண்டு மணி நேரத்தைக் கழித்தாலே போதும்; அதன் பிறகு இரண்டரை. அந்த அரை மணி வந்து சேர்ந்ததும் கழித்துப் பார்க்கும் முயற்சியையே பலர் கைவிட்டனர் என்று கொள்க.

இயல் 5: களஆய்வு

1987-ல் திறந்த தஞ்சோங் பகார் எம்ஆர்டி நிலையமும் மதிய உணவு நேரமும் களமாகக் கொள்ளப்பட்டன. ரயிலில் கைப்பிடியைப் பற்றி நிற்பவர்களின் மணிக்கட்டுகள் கண்மட்டத்தில் வரிசையாகத் தொங்கும். இவ்வளவு தரவை இலவசமாகத் தரும் நூலகம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு சிக்கல்: பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கே உள்ள ஊரில் ஆடவருக்கு மணிக்கட்டு ஒன்றல்ல, இரண்டு. குளிரூட்டிய அலுவலகத்தில் ஒன்று. மேக்ஸ்வெல் உணவங்காடிக்கு வெயிலில் நடக்கும்போது வீங்கி இறுகுவது இன்னொன்று. காலையில் சரியாக இருந்த செயின் சாப்பாட்டு நேரத்தில் கடிக்கிறது. கொக்கியை அரைக் கண்ணி தள்ளிப் போடும் வசதியுள்ள செயின்கள் இருக்கின்றன. அதைக் கண்டுபிடித்தவர் தஞ்சோங் பகாருக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம், அதாவது முடிவு.

இங்கே அதிகம் தென்படுவது முக்குளிப்போர் கடிகாரம். 200 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்கும் என்று டயலிலேயே எழுதியிருக்கும். இங்குள்ள குவோகோ கோபுரத்தின் உயரம் 290 மீட்டர். அதைத் தலைகீழாகக் கடலில் நட்டாலும் மூன்றில் இரண்டு பங்கு மாடிகளில் வேலை பார்ப்பவர்களின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஓசூரில் செய்த டைட்டன் எட்ஜ் மொத்தமே 3.5 மில்லிமீட்டர்த் தடிமன். சட்டைக் கையின் பொத்தானுக்குள் அடக்கமாகப் போய்விடும். யாருக்கும் தெரியாது. நூற்பாவின்படி அது கடிகாரமே அன்று.

முடிவுரை

நூற்பாவைக் காண்க.

மேலாய்வுக்குரியவை

கழற்றிய கண்ணிகள். கடைக்காரர் அவற்றைச் சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுக்கிறார். பெற்றுக்கொண்டவர் பத்திரமாக எடுத்து வைக்கிறார். அதற்குப் பிறகு எவரும் அவற்றைக் கண்டதாகச் சான்று இல்லை. இது தனியொரு முனைவர் பட்டத்துக்கு உரிய பொருள். நெறியாளராக இருக்க அடியேன் ஒப்புகிறேன். விண்ணப்பிப்போர் தத்தம் மணிக்கட்டின் சுற்றளவை நெல் கணக்கில் எழுதி அனுப்புக. பதிவுக் கட்டணம் மட்டும் சிங்கப்பூர் வெள்ளியில்.