நம்பர் போடும் உரிமை

பள்ளிப்பட்டு தாலுகா ஆபீஸ் பக்கத்து டீக்கடை பெஞ்சு. ஒருவர் மீசை நரைக்கும் வரை பத்திரம் எழுதியவர். மற்றவர் சென்னை டைப்செட்டிங் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே எக்ஸ்எம்எல் கோப்புகளை பிடிஎஃப்பாகவும் வெப் பக்கமாகவும் மாற்றிக் கொடுக்கும் தம்பி.

எழுத்தர்: என்ன நைனா, லேப்டாப்பை அப்படி முறைக்கிற? கடன் வாங்கிட்டு ஏமாத்திடுச்சா?

தம்பி: டாக்புக்ங்கிற எக்ஸ்எம்எல் வடிவத்துல எழுதின மிஷின் கையேடு மாமா. பிடிஎஃப் எடுத்தா அத்தியாயத்துக்கு நம்பர் வருது, உள்ளே இருக்கிற பகுதிக்கு வரலை.

எழுத்தர்: எழுதினவர் போட மறந்துட்டாரா?

தம்பி: அவர் போடவே கூடாது. அதுதான் இதோட அழகு. இது பகுதி, இது தலைப்புன்னு மட்டும் கோப்புல சொல்லுவோம். எத்தனையாவதுன்னு எண்ணுறது, கோப்பை மாத்துற எக்ஸ்எஸ்எல்டி மொழியோட வேலை. 1999-லயே வந்தாச்சு. நடுவுல ஒண்ணைச் செருகினா, பின்னாடி இருக்கிறதெல்லாம் தானா ஒண்ணு தள்ளிக்கும்.

எழுத்தர்: தானா எண்ணுற மிஷின் ஏன் எண்ணலை?

தம்பி: ஆட்டோலேபிள்னு ஒரு அமைப்பு இருக்கு. டாக்புக்கோட எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட்ல அத்தியாயத்துக்கு 1, பகுதிக்கு 0-ன்னு வெச்சே கொடுத்திருக்காங்க. 0-ன்னா எண்ணாதேன்னு அர்த்தம்.

எழுத்தர்: பேரு தானியங்கி, தட்டிவிட ஆள் வேணும். சரி, தட்டு.

தம்பி: தட்டிட்டேன். இப்போ மூணாம் அத்தியாயத்துலயும் 1, 2, 3. நாலாம் அத்தியாயத்துலயும் 1, 2, 3.

எழுத்தர்: ஒரே வகுப்புல இனிஷியல் இல்லாத நாலு குமார்.

தம்பி: இனிஷியலுக்கு வேற அமைப்பு: ‘செக்‌ஷன் டாட் லேபிள் டாட் இன்க்ளூட்ஸ் டாட் காம்பொனென்ட் டாட் லேபிள்’. அதுவும் 0-லதான் இருக்கும். 1-ஆக்கினா 3.1, 3.2-ன்னு வரும்.

எழுத்தர்: திருத்தணி மலையில 365 படி ஏறியும் எனக்கு இப்படி மூச்சு வாங்கினது இல்லை. அது கிடக்கட்டும், அத்தியாயத்தையே இடம் மாத்திட்டா?

தம்பி: 3.1 தானா 4.1 ஆயிடும்!

எழுத்தர்: இந்த ஊர் சித்தூர் ஜில்லாவுல இருந்துச்சு. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி மெட்ராஸ் ராஜ்யத்துக்கு வந்து செங்கல்பட்டு ஜில்லா ஆச்சு. 1997-ல திருவள்ளூர். ஜில்லா பேரைச் சேர்த்து நிலத்துக்கு நம்பர் போட்டிருந்தா, ஒரே காட்டுக்கு மூணு பத்திரம் எழுதியிருக்கணும். (சற்று யோசித்து) நல்ல ஏற்பாடாத்தான் தெரியுது. எங்க தொழில்ல யாருக்கும் தோணாமப் போச்சே!

தம்பி: கிண்டல் பண்ணாதீங்க. நிலத்தைப் பங்கு பிரிச்சா நீங்க மட்டும் என்ன பண்ணுவீங்க?

எழுத்தர்: 45/2-ஐ அண்ணன் தம்பி பிரிச்சா 45/2ஏ, 45/2பி. ஏ-க்காரன் பிள்ளைங்க மறுபடி வெட்டிக்கிட்டா 45/2ஏ1, 45/2ஏ2. பக்கத்து 46 அசையாது. உன் மிஷின்கிட்ட கொடுத்தா 46-ஐ 47 ஆக்கும், 47-ஐ 48 ஆக்கும். அப்புறம் நான் வில்லங்கச் சான்று போட்டா, எவனோ பேங்க்ல வெச்ச அடமானம் என் காட்டு மேல வந்து நிக்கும்.

தம்பி: எங்க கோப்புல ‘3.2-ஐப் பார்க்க’ன்னு கையால எழுத மாட்டோம். ஐடி கொடுத்து இணைச்சிடுவோம். நம்பர் மாறினா குறிப்பும் கூடவே மாறிடும்.

எழுத்தர்: போன வருஷம் அச்சடிச்சு வித்த புத்தகத்துல இருக்கிற குறிப்பு? வக்கீல் பிராதுல எழுதின குறிப்பு?

தம்பி: (டீயை ஆற்றுகிறார்) அது மாறாது.

எழுத்தர்: அரசியல் சட்டத்துல 2002-ல கல்வி உரிமையை நுழைச்சாங்க. 21ஏ-ன்னு போட்டாங்களே தவிர 22-ஐத் தள்ளிவிடலை. அந்தப் பெரியவங்களுக்கு எண்ணத் தெரியாமலா?

தம்பி: பெரியவங்களைப் பத்தியே பேசுவோம். 2024 ஜூலை 1-ல ஐ.பி.சி. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துச்சே. 511 பிரிவு 358 ஆச்சு. எல்லாத்துக்கும் புது நம்பர். அவங்க என் கட்சி!

எழுத்தர்: அந்தக் கூத்தை ஏன் கேக்குற! கொலைக்கு 302 போய் 103 வந்துச்சு. சரி, 302 ஒழிஞ்சுதான்னு பார்த்தா, புதுச் சட்டத்துல அது மத உணர்வைப் புண்படுத்திப் பேசுற குற்றமா உக்காந்திருக்கு. பழைய கொலை வழக்கெல்லாம் இன்னும் ஐ.பி.சி. 302-லதான் நடக்குது. ஒரே கோர்ட்டுல காலையில 302-ன்னா கொலை, மத்தியானம் 302-ன்னா வாய்க்கொழுப்பு. மோசடி 420-லேர்ந்து 318-க்குக் குடிபோயிடுச்சு. சந்தையில ஒருத்தனை ‘சரியான முந்நூத்திப் பதினெட்டு’ன்னு திட்டிப் பாரு, ரூம் நம்பர்னு நினைச்சுக்கிட்டுப் போயிடுவான்.

தம்பி: (குரலைத் தாழ்த்தி) ஒரு விஷயம் மாமா. இன்னொரு கோப்பு சட்டப் புத்தகம். அதையும் இதே ஸ்டைல்ஷீட்ல ஓட்டினேன். 21ஏ-வை 22-ன்னு போட்டுடுச்சு. அதுக்கு அப்புறம் இருக்கிறதெல்லாம் ஒண்ணு தள்ளிடுச்சு.

எழுத்தர்: ஒரே ராத்திரியில பார்லிமென்டே செய்யாத திருத்தம்! அனுப்பிட்டியா?

தம்பி: இல்லை. டாக்புக்ல ஒவ்வொரு பகுதிக்கும் ‘லேபிள்’னு எழுதலாம். எழுதினா மிஷின் எண்ணாது, அதையே அச்சடிக்கும். சட்டத்துக்குன்னே இருக்கிற அக்கோமா நடோசோ எக்ஸ்எம்எல்ல நம்பருக்குத் தனி உறுப்பே உண்டு. பிடிஎஃப், வெப், ஈபப் எதுக்கு மாத்தினாலும் 21ஏ கூடவே போகும்.

எழுத்தர்: அப்போ கையால போடணும்னு சொல்லு. இதுக்கா இத்தனை டாட்?

தம்பி: கையேட்டுக்கு மிஷினே எண்ணட்டும் மாமா. அதை வாரம் ஒரு தடவை மாத்துவாங்க. சட்டத்துக்குத்தான் கை.

எழுத்தர்: அப்படின்னா கம்பெனியில பேசி ரேட்டைக் கூட்டிக் கேளு. நாங்க உட்பிரிவுக்குத் தனியாத்தான் வாங்குறோம்.