வீடு பார்க்கும் படலம்: கேமரன் மலைச் சுவர்கள் குறித்து ஓர் ஆய்வு

விற்கப்போகும் வீட்டை ஜோடித்துக் காட்டும் கலையை 1970களில் ஒரு தொழிலாகவே வளர்த்தவர் என்று அமெரிக்க வீட்டுத் தரகர் பார்ப் ஷ்வார்ட்ஸைச் சொல்வார்கள். தட்டுமுட்டுச் சாமான்களைக் குறை, சுவருக்கு வெளிர்நிறம் அடி, குடும்பப் படங்களைக் கழற்றி வை. அந்த மரபின் பாலபாடம் இவ்வளவுதான். மலேசியாவின் கேமரன் மலையில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,440 மீட்டரில் இருக்கும் தானா ராத்தாவில், அதுவும் நவம்பர் மழையில், வீடு விற்பவருக்கு இந்தப் பாடம் பத்தாது.

முதலில் ஆய்வின் எல்லை. தேயிலைத் தோட்டத்து லயங்கள் இதில் சேரா. அவை கம்பெனி வீடுகள். குடியிருப்பவர் வெள்ளையடிக்கலாம், வாசலில் ரோஜா வைக்கலாம், விற்க முடியாது. தொழிலதிபர் ரஸ்ஸல் 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் போன்ற இடங்களில் காலமெல்லாம் கொழுந்து கிள்ளியவர்களும் ஒருநாள் வெளியே வீடு தேட வேண்டியவர்களே. எனவே ஆய்வுக்களம் தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் ஊர்களின் அடுக்குமாடிகளும் வரிசை வீடுகளும்.

ஆய்வின் மையக் கருதுகோள்: இந்த மலையில் வீட்டை வாங்குவது கண் அல்ல, மூக்கு.

காரணம் எளிது. சராசரி வெப்பம் 18 பாகை அளவில்தான். மழைக்கும் மூடுபனிக்கும் பஞ்சமில்லை. அலமாரியைக் குளிர்ந்த வெளிச்சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்னால் காற்று போகாது, ஈரம் கோத்துக்கொள்ளும், பூஞ்சணம் பிடிக்கும். அலமாரியைத் திறந்தால் தோல் பெல்ட்டின்மேல் சாம்பல் பச்சையில் மெல்லிய பொடி. அதன் வாடையை எந்த வெளிர்நிறமும் மறைக்காது.

மறைக்கப் பார்ப்போர் பல சம்பிரதாயத்தினர். கறுத்த மூலைக்கு மட்டும் முதல்நாள் பெயின்ட் அடிப்போர் அப்பாவிகள்: நான்கு சுவரில் ஒன்று மட்டும் பளிச்சென்று இருப்பதே வாக்குமூலம். பூஞ்சணத்தைச் சுரண்டிக் கழுவாமல் மேலே பூசினால் அது திரும்பவும் வரும். சாம்பிராணிக்காரர்கள் இன்னும் பக்திமான்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வீடெங்கும் புகை என்றால், வாங்க வந்த ஈப்போக்காரருக்குச் சந்தேகம் வராதா? உள்ளூர் அறிவு தேயிலைத்தூளில் இருக்கிறது. உலர்ந்த தேயிலை ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். மசாலாச் சாமான்களோடு அதைச் சேர்த்து வைக்காததும் அதனால்தான். ஒரு கிண்ணம் தூள் செருப்பு அலமாரியைக் காப்பாற்றும். மூன்றறை வீட்டைக் காப்பாற்றாது.

நேரமும் முக்கியம். காலையில் மலை தெளிவாகத் தெரியும். பிற்பகலில் மழை வரும். சனிக்கிழமை உகந்ததல்ல: பிரிஞ்சாங் நெரிசலில் மாட்டி வந்தவருக்கு அரண்மனையும் பிடிக்காது.

வீட்டுக்குக் கதை இருப்பதும் உதவும் என்பர். தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று இங்குள்ள மூன்லைட் பங்களாவிலிருந்து உலாவப் போனவர், திரும்பவேயில்லை. பங்களா பேர்பெற்றுவிட்டது. ஆயினும் விருந்தாளியைத் தொலைப்பதை ஒரு விற்பனை உத்தியாக இவ்வாய்வு பரிந்துரைக்காது.

வாங்குவோருக்கு: மாலை நாலு மணிக்கு, மழை பெய்யும்போது போங்கள். ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவைப் பாருங்கள். அலமாரியைச் சுவரைவிட்டு நகர்த்தச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.