ஒரே நாளில் ரெண்டு மேட்ச் நடத்துவது எப்படி?

சோமனூர்ப் பக்கம் காலேஜ் கிரிக்கெட் நடத்த ஆசைப்படுகிறவர் முதலில் பிடிக்க வேண்டியது மைதானத்தை அல்ல, சிறப்பு விருந்தினரை. ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்பவராக இருக்கட்டும், பதினொன்றுக்கு வருவார். பொன்னாடை, பேச்சு, வரிசையாகக் கைகுலுக்கல், போட்டோ. முடிந்ததும் மைக்கில் “நேரமின்மை காரணமாக” என்று ஆரம்பித்து, இருபது ஓவரைப் பன்னிரண்டாக்கி அறிவித்துவிடுங்கள். நேரத்தைத் தின்றது யாரென்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். கேட்பதற்குள் அவர் காரேறியிருப்பார்.

மதிய மேட்ச் 12.30 என்று நோட்டீஸில் தைரியமாக அச்சடிக்கலாம். காலை மேட்சில் ஒரு சிக்ஸர் தறிக்குடோன் கூரைக்குப் போனால் போதும். பந்து எடுக்கப் போன பையனைத் தறிச் சத்தத்தில் கூப்பிட்டால் காதில் விழாது.

கேப்டன்களுக்கு: பேட்ஸ்மேனை ஹெல்மெட் வாரைக் காட்டி இழுத்தடிக்கச் சொல்லாதீர்கள். 2023 உலகக் கோப்பையில், டெல்லியில், ஏஞ்சலோ மேத்யூஸ் காட்டிப் பார்த்தார். ‘டைம்டு அவுட்’ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மழையை நம்புங்கள். இருபது ஓவர் ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடும் அணிக்கு ஐந்து ஓவராவது கிடைத்தால்தான் மழை விதிப்படி முடிவு சொல்ல முடியும். அந்த ஐந்தாவது ஓவரின் அருமை கோவைக்காரர்களுக்குத் தெரியும். 2022 ஜூலை 31, எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானம், டி.என்.பி.எல். ஃபைனல். மழையால் 17 ஓவராகச் சுருங்கிய ஆட்டத்தில் லைகா கோவை கிங்ஸ் 138 எடுத்தது. சேப்பாக் சூப்பர் கில்லீஸ் நாலு ஓவரில் ஒரு விக்கெட்டுக்கு 14. ஆடி மாச மழை திரும்பி வந்தது, கோப்பை ரெண்டு பேருக்கும் பொது. அந்த 14 ரன்னை இனி யாரும் மந்தம் என்று சொல்லிவிட முடியாது.

மழை கைவிட்டால் பஸ் இருக்கிறது. “கடைசி பஸ்ஸை விட்டா ஊருக்குப் போக முடியாதுங்க சார்” என்று வெளியூர் கேப்டன் பி.டி. சாரிடம் பணிவாகச் சொல்ல வேண்டும். கூச்சப்பட ஒன்றுமில்லை. 1939இல் டர்பனில், முடிவு வரும்வரை ஆடுவோம் என்று தொடங்கிய டெஸ்ட் பத்து நாள் இழுத்தது; வெற்றிக்கு இன்னும் 42 ரன் இருக்கையில், ஐந்து விக்கெட்டையும் கையில் வைத்துக்கொண்டு, கப்பலைப் பிடிக்க இங்கிலாந்து கிளம்பிவிட்டது. கப்பலுக்குள்ள மரியாதை அவிநாசி பஸ்ஸுக்கும் உண்டு.

ரத்தான மதிய மேட்சுக்கு ஆளுக்கொரு புள்ளி. அறிவிப்பதற்கு முன்பே குஸ்காப் பொட்டலத்தைக் கொடுத்துவிடுங்கள். வாயில் சோறு இருக்கிறவன் ஆட்சேபம் தெரிவிப்பதில்லை.