ரேடியேட்டரில் பால் கோப்பி போடுவது எப்படி?

பொனட்டைத் திறந்தீர்கள். பச்சையாகத் தெரிய வேண்டிய கூலன்ட், பேராதனைக் கம்பஸ் கன்டீன் பால் கோப்பி போலக் கொழகொழவென்று போத்தலில் நிற்கிறது. பயப்படாதீர்கள், நல்ல தொடக்கம். ஒயில் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. இப்போதே பார்த்தால் ஒயில் கூலரின் ஒரு ரப்பர் வளையத்தோடு கதை முடியக்கூடும். அப்படி அற்பமாக முடிக்கவா வாகனம் வாங்கினோம்? ஒரு வளையத்திலிருந்து ஒரு எஞ்சினையே அடக்கம் செய்யும் வழி இதோ. பாதிப் படிகளை நீங்கள் ஏற்கெனவே தாண்டியிருப்பீர்கள்.

1. குறைந்திருக்கும் அளவுக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றுங்கள். மூடியை மூடுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் உங்கள் கார் தண்ணீரிலும் நேர்த்திக்கடனிலும் ஓடியதுதானே?

2. நிறத்தை ஆராயாதீர்கள். ஓட்டோ கியர் வாகனத்தில் கலங்கல் இளஞ்சிவப்பாக இருந்தால் கியர் ஒயில். ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் ஓடும் குழாய் ஓட்டையாகியிருக்கும். மண்ணிறமென்றால் எஞ்சின் ஒயில். ஒயில் கூலர் அல்லது ஹெட் கேஸ்கட். இதெல்லாம் தெரிந்தால் கவலைதான் கூடும். அதற்குப் பதில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஒயிலின் அமுக்கம் தண்ணீரின் அமுக்கத்தைவிடப் பல மடங்கு. அப்போது ஒயில்தான் தண்ணீருக்குள் பாயும், தண்ணீர் இந்தப் பக்கம் வராது. ஒயில் கூலரைச் சந்தேகிக்க வேண்டிய இந்த இடத்தில் நீங்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுங்கள்.

3. ஆலோசனை கேளுங்கள். கலகா சந்தி ஆட்டோக்காரர், கட்டாரில் லொறி ஓட்டிய மைத்துனர், பக்கத்து வீட்டு மாமா என்று எல்லோரிடமும். பொறியியல் பீடம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள். கராஜில் நீலத் திரவமொன்று வைத்திருப்பார்கள். ரேடியேட்டர் வாயில் பிடித்தால், எஞ்சினுக்குள் எரிந்த வாயு கசிந்து வந்தால் மஞ்சளாகும். பத்து நிமிட வேலை. பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிட்டால் அப்புறம் மாலை முழுவதும் மைத்துனரோடு எதைப் பேசுவது?

4. நுவரெலியா போங்கள். இதுதான் முக்கியமான படி. பேராதனையில் ஏ5 வீதியைப் பிடித்து, கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று ஏறுங்கள். ஏழு பேரை ஏற்றுங்கள், ஏசியைப் போடுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். திறந்த பாத்திரத்துத் தண்ணீர் அங்கே ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதைக் கொதிக்கவிடாமல் அமுக்கிப் பிடிப்பது ரேடியேட்டர் மூடி. அந்த மூடியின் ரப்பரும் ஹோஸ்களும் ஒயிலில் ஊறி இப்போது உளுந்து வடை மாதிரி உப்பியிருக்கின்றன. முள் சிவப்பைத் தொட்டதும் நிறுத்தாதீர்கள். றம்பொடை நீர்வீழ்ச்சியில் செல்ஃபி எடுக்க வேண்டுமல்லவா, அங்கேயே நிறுத்தலாம்.

நிறுத்தியதும் அரைமணி நேரம் பொறுக்காமல், சித்தியின் சால்வையைச் சுற்றி மூடியைத் திறவுங்கள். முகத்தில் அடிக்கும் ஆவிக்கு முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார்கள்: பேராதனை போதனா வைத்தியசாலை திரும்பும் வழியில்தான். மிச்சமிருக்கும் கையால் ஓடைத் தண்ணீரை, ஐஸ் மாதிரி, கொதிக்கும் எஞ்சினுக்குள் ஊற்றுங்கள். ஹெட் வளையும். இதுவரை கேஸ்கட் போகவில்லை. இப்போது அதுவும் போய்விட்டது.

5. கராஜ் பாஸிடம் போய்ப் பேரம் பேசுங்கள். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி மட்டம் பார்க்க வேண்டும் என்பார். பல எஞ்சின்களில் 0.05 மில்லிமீற்றர் வளைவே எல்லை என்பார். தலைமுடியைவிட மெல்லிய கணக்குக்கெல்லாமா காசு? பழைய கேஸ்கட்டையே பசை பூசிப் போடச் சொல்லுங்கள். போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில், அளவு காட்டும் ரென்ச்சால் இறுக்குவது பேராதனை மரபுக்கே விரோதம். 1833இல் இங்கே மகாவலிமீது முதிரை மரத்தில் கட்டிய பாலத்துக்கு ஓர் ஆணியோ போல்ட்டோ போடவில்லை என்பார்கள். மிஞ்சும் போல்ட்டுகளைப் பால்மா டின்னில் போட்டு வையுங்கள். ஒயில் கூலரை யாரும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோய் பிறந்த வீடு அது.

6. கழுவுங்கள், ஒரே ஒரு தடவை. நுரை குறைந்த எண்ணெய் நீக்கியை ஊற்றி, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஹீட்டரைத் திறந்துவிட்டு, எஞ்சினைச் சூடாக்கி, வடித்து, தெளியும்வரை நாலைந்து தடவை திரும்பச் செய்து, உப்பிய ஹோஸ்களை மாற்றிப் புதுக் கூலன்ட் ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை. நீங்கள் உடுப்புத் தூளைப் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். பொனட் இடுக்கால் பெரஹெரா மாதிரி நுரை ஊர்வலம் வரும், பிள்ளைகள் கைதட்டும். வடித்ததைக் கானுக்குள் விடுங்கள். கான் மகாவலிக்குப் போகும். மகாவலி கெட்டம்பேக்குப் போகும். அங்கேதான் கண்டிக்குக் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். முதலாம் படியில் பிடித்த குழாய்த் தண்ணீர் லேசாகக் கோப்பி மணத்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

7. விற்றுவிடுங்கள். ‘பேராதனைக் கம்பஸ் பேராசிரியர் பாவித்தது, மலை ஏறாதது’ என்று விளம்பரம் எழுதுங்கள். பார்க்க வருபவரைக் கெட்டம்பேயிலிருந்து தாவரவியல் பூங்கா வாசல் வரைக்கும் மட்டும் ஓட்ட விடுங்கள், சமதரை. மூடியைத் திறக்கப் போனால், ‘சூடாக இருக்கிறது தம்பி, கை வெந்துவிடும்’ என்று அக்கறையோடு தடுங்கள்.

கைக்கு வந்த காசோடு வேறு வாகனம் பார்க்கப் போங்கள். அதுவும் ஒரு பேராசிரியர் பாவித்ததாகத்தான் இருக்கும். நீங்கள் மூடிக்குக் கை நீட்டும்போது, பாவம், அந்த மனிதரும் உங்கள் கையைப் பற்றித்தான் கவலைப்படுவார்.