ரிவால்வர் ரசிகர்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்றொரு ஊர். அங்கே கூடுகிற துப்பாக்கிச் சந்தையில் ஆயிரக்கணக்கில் மேசைகள் போட்டிருப்பார்கள். புதுச் சரக்கு மின்னுகிற மேசைகளைச் சுற்றிக் கூட்டம் நெரியும். அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல், எண்ணெய்ப் பிசுக்கும் பழந்தோல் வாடையுமாக மூலையில் கிடக்கும் மேசைக்கு நேரே போய்க் குனிவார் ஒருவர். சட்டைப் பையில் பேனா டார்ச், கழுத்தில் பூதக்கண்ணாடி. அவர்தான் நம் ரிவால்வர் ரசிகர்.

ஐம்பது வயதைத் தாண்டிய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கென்றே அந்த நாட்டில் தனி உரிமம் உண்டு. வாங்கியது, விற்றது அனைத்தையும் பேரேட்டில் பதிந்து வைக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது சட்டத் தொல்லை. இவருக்கோ அதுதான் தினசரிப் பாராயணம். "இதில் சுட்டுப் பார்த்திருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "சுடுவதா! இதையா!" என்று இரண்டடி பின்வாங்குவார். பருத்திக் கையுறை போடாமல் தானே அதைத் தொடாதவர் அவர். பிரிட்டிஷ் மியூசியத்துக்காரர்கள் உருவாக்கிய மெழுகை வரவழைத்து, மாதாமாதம் பூசித் துடைத்து, திரும்ப உறங்க வைப்பார்.

போர்க்கால ரிவால்வர்களில் அவருக்குத் தெரியாதது கிடையாது. 1915-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட வெப்லி மார்க் 6, ஒரு கிலோவுக்கு மேல் கனம். தோட்டா போட அதை இரண்டாக மடிக்க வேண்டும். ரஷ்யாவின் நாகானில் ஏழு தோட்டா. சுடும்போது சிலிண்டரே முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்வதால் வாயு கசியாது. விசைதான் இழுப்பவன் விரலைச் சோதித்துவிடும். என்ஃபீல்டு ரிவால்வர் ஒன்றில் சுத்தியலின் கொம்பைக் காணோமே என்றால், டாங்கிக்குள் ஏறி இறங்கும் வீரர்களுக்கு அது எங்கேயாவது மாட்டித் தொலைத்ததால் எடுத்துவிட்டார்கள் என்பார். அமெரிக்க ஜெனரல் பேட்டனின் இடுப்பில் தொங்கிய கோல்ட் ரிவால்வருக்கு முத்துச்சிப்பிக் கைப்பிடி என்று நீங்கள் வாய்தவறிச் சொல்லிவிட்டால், அன்றைய சாப்பாடு ஆறிப் போகும். அது யானைத் தந்தம்!

சாப்பிட உட்கார்ந்தாலும் நிலைமை இதுதான். தட்டுக்குப் பக்கத்தில் பிறைவடிவ எஃகுத் துண்டு ஒன்றை எடுத்து வைப்பார். 1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் குதித்தபோது கையிருப்பில் பிஸ்டல் போதவில்லை. கோல்ட் கம்பெனியையும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனையும் கூப்பிட்டு, அதே பிஸ்டல் தோட்டா போடும்படி ரிவால்வர் செய்யச் சொன்னார்கள். அந்தத் தோட்டாவுக்கு விளிம்பு கிடையாது. சிலிண்டரில் பிடித்து நிற்காது, சுட்டபின் வெளியே தள்ளவும் வராது. மும்மூன்று தோட்டாவாக இந்தப் பிறையில் செருகினார்கள், பிரச்சினை தீர்ந்தது. கதை முடிவதற்குள் பரிமாறுகிறவர் இரண்டுமுறை வந்து போயிருப்பார்.

ஆனால் அவருடைய உயிர் இருப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 'விக்டரி மாடல்' மேல்தான். இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கில் செய்து குவித்த சாமானியச் சரக்கு. மெருகில்லாத சாம்பல் பூச்சு, வழவழப்பான வால்நட் கைப்பிடி, அடியில் வார் மாட்டும் வளையம், வரிசை எண்ணுக்கு முன்னால் வெற்றியைக் குறிக்கும் 'வி'. மேசையில் இதைப் பார்த்துவிட்டால், பெண் பார்க்க வந்த வீட்டில் ஜாதகம் கேட்கும் பெரியவராகிவிடுவார் நம்மவர். கைப்பிடியின் அடியில் ஓர் எண். சிலிண்டரின் பின்முகத்தில் ஓர் எண். குழலின் அடிவயிற்றில் ஓர் எண். திருகாணியைக் கழற்றினால் வலப்பக்கக் கட்டையின் உள்முகத்தில் இன்னொன்று. நான்கும் பொருந்தினால் மூச்சு சீராகும். ஒன்று பிசகினால், "பாவம்" என்று கீழே வைத்துவிடுவார். திருகாணியின் காடி சிதைந்திருந்தாலோ, எவனோ முரடன் கைவைத்திருக்கிறான் என்று அந்த முரடனின் பரம்பரையையே சபிப்பார்.

எண்ணுக்கு முன்னால் 'எஸ்வி' என்று இருந்தால் குரல் தாழும். 1944-ன் கடைசியில் அமெரிக்கக் கடற்படையில் ஒரு விக்டரி ரிவால்வர் கைதவறிக் கீழே விழுந்து வெடித்து, மாலுமி ஒருவர் இறந்துபோனார். உடனே கம்பெனி பாதுகாப்புத் தடுப்பை மாற்றியமைத்தது. மாற்றியதற்கு அடையாளமாக ஒரு 'எஸ்' முளைத்தது. இதைச் சொல்லும்போது நம்மவர் கண் கலங்கும். அதே மூச்சில், "இதற்கு விலை கொஞ்சம் கூட" என்றும் சொல்வார்.

போர் முடிந்தபின் நடந்ததைத்தான் அவரால் தாங்கவே முடியாது. பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும் அனுப்பிய விக்டரி மட்டும் லட்சக்கணக்கில். ஐம்பது, அறுபதுகளில் அவை பழஞ்சரக்காகத் திரும்பி வந்தன. வியாபாரிகள் குழலை அறுத்தார்கள், நிக்கல் முலாம் பூசினார்கள், வேறு தோட்டா நுழைய அறைகளைக் குடைந்தார்கள். கென்னடி கொலையில் கைதான ஆஸ்வால்டிடம் இருந்ததுகூட அப்படிக் குழல் அறுபட்ட ஒரு விக்டரிதான்; தபாலில் 29 டாலர் 95 சென்ட்டுக்கு வாங்கியது. இதைக் கேட்டு நாம் கென்னடிக்காக உச்சுக்கொட்டுவோம். அவர் தலையில் அடித்துக்கொள்வது குழலுக்காக.

இவ்வளவு தெரிந்தவருக்கு ஒரே ஒரு விசித்திர ஆசை. துப்பாக்கி போருக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் மேலே ஒரு கீறல் விழுந்திருக்கக் கூடாது. சேற்றில் கிடந்து, மழையில் நனைந்து, உறையில் உரசித் தேய்ந்ததைக் காட்டுங்கள், "நிலைமை சரியில்லை" என்பார். பூச்சுக் கலையாததைக் காட்டுங்கள், விலையைப் பற்றிக் கவலைப்படாமல் வாங்குவார். அது பூச்சுக் கலையாமல் இருப்பதற்குக் காரணம், போர் முழுக்கக் கிடங்குப் பெட்டிக்குள் தூங்கியதுதான் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் இரவில் அதை மடியில் வைத்துக்கொண்டு நார்மண்டிக் கடற்கரையில் இறங்குவார்.

"துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே" என்பது அவர் இனத்தாரின் வேதவாக்கு. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு இதை ஓதுவதும் அவரேதான். ஓதி முடித்துத் திரும்பினால், எதிர் மேசைக்காரர், "இது எங்கள் தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது..." என்று ஆரம்பிக்கிறார். அவ்வளவுதான், நம்மவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தாத்தாவின் தொண்டைச் செருமல் வரை கேட்டு முடித்தபின், கதைக்கும் சேர்த்தே பணத்தை எண்ணிக் கொடுப்பார்.

வாங்கியதும் அடுத்த வேலை, தொழிற்சாலைக் கடிதம். கட்டணம் கட்டி எண்ணை எழுதிப் போட்டால், பழைய பதிவேட்டைப் புரட்டி, எந்தத் தேதியில் எங்கே அனுப்பப்பட்டது என்று பதில் வரும். பதில் வரும்வரை நம்மவரின் துப்பாக்கி பசிபிக் கடலின் மேல் ஒரு விமானியின் தோளில் தொங்கிக்கொண்டிருக்கும். கடைசியில் கடிதம் வந்தது. பெறுநர்: டிபென்ஸ் சப்ளைஸ் கார்ப்பரேஷன். அதாவது உள்ளூர்ப் போலீசுக்கும் தளவாடத் தொழிற்சாலைக் காவலுக்கும் ஆயுதம் ஒதுக்கிய அரசு நிறுவனம். விமானி இறங்கிவிட்டார், அவர் இடத்தில் ஒரு வாயிற்காவலர், மூங்கில் நாற்காலியில் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்தார்.

நாமாக இருந்தால் துவண்டு போவோம். நம்மவர் நான்கு நாள்தான் துவண்டார். ஐந்தாம் நாள் போர்க்காலத் தொழிற்சாலைகள் பற்றிய புத்தகங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கின. காவலர்களின் ஷிப்டு நேரம், சீருடைப் பொத்தான், வாசலில் சோதனை போடும் முறை எல்லாம் அத்துபடியாயிற்று. அடுத்த சந்தையில் அதே ரிவால்வரை வெல்வெட் துணியில் வைத்து, கடிதத்தைச் சட்டம் போட்டு நிறுத்தியிருந்தார். ஒருவர் எட்டிப் பார்த்து, "போருக்குப் போனதா சார்?" என்றார்.

"போருக்குப் போனது லட்சக்கணக்கில் கிடைக்கும், அந்த மேசையில் பாருங்கள்" என்றார் நம்மவர் அலட்சியமாக. "வாசலில் நின்றது எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அதனால்தான் விலையும் இரண்டு பங்கு!"