கொழுந்து பறிக்குமுன் முழுப்பேர்: வீடியோ கேம் முன்பதிவுக்கு ஒரு வழிகாட்டி

வலப்பனைப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு அட்வான்ஸ் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தீபாவளிக்கு வாங்கியது பொங்கல் தாண்டியும் சம்பளத்தில் வெட்டுப்படும். இதுவரை துரை கொடுத்தார், நாம் வாங்கினோம். இனி நாம் கொடுப்போம், துரை வாங்குவார். வெளிவராத வீடியோ கேமுக்குக் காசு கட்டிப் பதிவு செய்வது என்பது இவ்வளவுதான்.

முதலில் முகவரி. பிளேஸ்டேஷன் கடையின் நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே கணக்குத் திறக்கும்போது அமெரிக்காவில் குடியேறுங்கள். இரண்டு நிமிட வேலை, விசா வேண்டாம். நமக்கு வரும் கடிதம் தோட்ட ஆபீசைச் சுற்றித்தான் லயத்துக்கு வரும். வீட்டுக்கென்று தெருவும் கிடையாது. அப்படிப்பட்டவருக்கு நியூயோர்க்கில் தெருப் பெயரோடு ஒரு வீடு அமைவதை முன்பதிவின் முதல் நன்மை என்று தாராளமாகச் சொல்லலாம்.

அடுத்தது காசு. புதிய பெரிய கேம் 70 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 21,000. 2024 இல் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஆக, கிட்டத்தட்ட பதினாறு நாள் பேர் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்). இதை அம்மாவிடம் சொல்வதில்தான் சாமர்த்தியம் வேண்டும்.

"கேம் எங்கடா?"

"இன்னும் செஞ்சி முடியலம்மா."

"அப்ப காசு?"

"அது கட்டியாச்சு."

அம்மா சிரிக்கலாம், விறகுக் கட்டையையும் தேடலாம். அவருக்குக் கொழுந்து நிறுத்த பிறகுதான் பேர். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். ஈரம் என்றும் சாக்கு என்றும் தராசிலேயே கொஞ்சம் கழியும். மலைக்கே ஏறாதவனுக்கு முழுப்பேர் போடுகிற தொழில் ஒன்று உலகத்தில் இருப்பதை அவர் நம்ப நாளாகும். வற்புறுத்தாதீர்கள்.

வேண்டுமானால் சைபர்பங்க் 2077 கதையைச் சொல்லிப் பாருங்கள். 2012 இல் அறிவித்தார்கள். 2020 ஏப்ரலில் வரும் என்றார்கள், பிறகு செப்டெம்பர், பிறகு நவம்பர். கடைசியில் டிசெம்பர் 10 ஆம் திகதி வந்தது. அதற்குள் 80 இலட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். வந்த கேமில் கதாநாயகன் காற்சட்டை இல்லாமல், கைகளை விரித்து நின்றபடியே மோட்டார் சைக்கிள் ஓட்டினான். எட்டு நாளில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே தூக்கிவிட்டது. பிறகு வருடக்கணக்காகத் திருத்தி நல்ல கேமாக்கினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிந்தி வாங்கியவர்களுக்குத் திருந்திய கேம் குறைந்த விலைக்குக் கிடைத்தது. ஆனால் அந்தக் காற்சட்டை இல்லாத முதல் வாரம்? அது முன்பதிவு செய்தவருக்கே உரியது.

பரிசுகளையும் மறக்கக் கூடாது. துப்பாக்கிக்குத் தங்க நிறம், கதாநாயகனுக்கு இன்னொரு சட்டை. 2015 இல் டேயஸ் எக்ஸ் வரிசையின் புதிய கேமுக்கு இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: ஆள் சேரச் சேரப் பரிசு கூடும், போதிய ஆள் சேர்ந்தால் கேமே நான்கு நாள் முந்தி வரும். ஆள் பிடிக்கும் வேலையை வாங்குபவன் தலையிலேயே கட்டுவது அந்தக் காலத்துக் கங்காணிமாருக்குக்கூடத் தோன்றவில்லை. விளையாடுகிறவர்கள் சத்தம் போட்டதில் திட்டம் கைவிடப்பட்டது, பாவம்.

கங்காணி என்றதும் துண்டு ஞாபகம் வருகிறது. தொழிலாளியின் கடனைத் துண்டில் எழுதி வைப்பார்கள். அதை அடைக்க முன்வரும் தோட்டத்துக்கு ஆளும் போவான். 1921 இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். உங்கள் மின்னஞ்சலுக்கு வரும் முன்பதிவுத் துண்டு வேறு சாதி. இதில் கடன்பட்டது கம்பனி, கட்டுண்டு கிடப்பது நீங்கள்.

"ஸ்டொக் முடிந்துவிடும், முந்துங்கள்" என்பார்கள். கேசட்டும் டிஸ்க்கும் விற்ற காலத்தில் கடையில் முடியும். இப்போது இறக்கிக்கொள்ளும் கேம் எப்படி முடியும் என்று கேட்காதீர்கள். பதில் இல்லாத கேள்வி மரியாதைக் குறைவு. முன்கூட்டியே இறக்கி வைக்கலாம் என்பது மட்டும் உண்மையான நன்மை. நூறு ஜிபிக்கு மேல் போகும் கேமை நைட் டேட்டாவில் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க அது உதவும். சிக்னல் பிடிக்கும் மேட்டில் நடுச்சாமம் உட்காரக் கம்பளியும் அட்டைக்கு உப்பும் உங்கள் செலவு.

ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் வாங்கினால் பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்கலாம்: வெளிவந்து 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால். முதல் இரண்டு மணி நேரம் நன்றாக இருக்கும்படி கேமைச் செய்ய அவர்களுக்கும் தெரியும்.

சிலரிடம் எச்சரிக்கை தேவை. அவுஸ்திரேலியாவில் ஒரு சின்னக் குழு சில்க்சோங் என்ற கேமை 2019 இல் அறிவித்தது. முன்பதிவே எடுக்கவில்லை. செய்து முடித்து, 2025 செப்டெம்பர் 4 இல் 20 டொலருக்கு விற்றார்கள். வாங்க வந்த கூட்டத்தில் ஸ்டீம் கடையே திணறியது. வாடிக்கையாளருக்குக் காத்திருக்கும் பெருமையைத் தராத இத்தகையோரை நம்பவே கூடாது.

ஜிடிஏ 6 காரர்கள் அப்படியல்ல. 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26, பிறகு நவம்பர் 19. அமெரிக்காவில் நடுச்சாமம் என்றால் நமக்குக் காலை பத்து மணி தாண்டியிருக்கும். வேலைக்கு அன்று லீவு சொல்லிவிடுங்கள். நவம்பரில் இங்கே மழை பிடித்தால் கரண்ட் நிற்கும். முதல் நாளே போனை முழுக்கச் சார்ஜ் செய்து வையுங்கள். கேம் ஓடாவிட்டாலும் காசு கட்டிய ரசீதை வாசிக்கலாம்.