எந்த டீச்சர்?

கே: காந்தி ரோட்டில் பட்டுச்சேலை எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் டீச்சர்கள்தான். லட்சத்தில் சம்பளமாமே?
– நெசவாளர் ஒருவர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

ப: எந்த டீச்சர்? ரிட்டையராகப் போகிற அரசுப் பள்ளி ஆசிரியருக்கு லட்சம் வரலாம். அதே பள்ளியில் தையலும் ஓவியமும் சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியர் 2012-இல் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்தவர். 2023-இல் அறிவித்த உயர்வில் அவருக்குக் கிடைத்ததும் 12,500தான். 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 என்று வைத்தார்கள். மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200! ஒரே பாடம், ஒரே சாக்பீஸ். ஒரு ராத்திரியில் 3,170 ரூபாய் போச்சு.

கடையில் சேலையில் தொங்கும் விலைச்சீட்டைப் பார்த்து உங்கள் தறிக்கூலியை யாராவது கணக்குப் போட்டால் ஒப்புக்கொள்வீர்களா? சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு இந்த ஆசிரியர்கள் தெருவில் உட்காருவது நியாயம்தான். அரசு கொடுத்தே ஆக வேண்டும்.